ஏணியடியில் கேட்பார்கள்

நவம்பர் 12, புதன்

தம்பி மகன் சிங்கப்பூரிலிருந்து எங்கள் இருவருக்கும் உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறான்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மறுபடியும் சிங்கப்பூர். சமுத்திரத்தைக் கண்டறியாத என் மனைவி வெகுநேரம் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை, அவளுடைய பாஸ்போர்ட் ஏப்ரலோடு முடிகிறது.

நவம்பர் 14, வெள்ளி

ஓசூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம். கப்பலில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்குகிறவனுக்கு ஒரே பிரயாணம்தானே, ஒரு தடவை நுழையும் விசா போதாதா என்று நான் வினவியதற்கு, அங்கிருந்த இளைஞர், பலருக்கும் சொல்லிப் பழகிய நிதானத்துடன், "சார், கப்பல் கிளம்புனதுமே நீங்க சிங்கப்பூரை விட்டு வெளிய போயிட்டீங்க, திரும்பி வர்றது ரெண்டாவது தடவை நுழையறது" என்றார். விமானத்தில் வந்து இறங்குவது ஒரு பிரவேசம், கப்பலிலிருந்து இறங்குவது மற்றொன்று. ஆகவே மல்டிபிள் என்ட்ரி வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 இறுதியிலிருந்து சுற்றுலாவுக்கு வரும் நம்மவரிடம் விசா கேட்பதில்லை. ஆயினும் சிங்கப்பூருக்கு வருகைப் படிவத்தை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கணினியில் நிரப்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டோ ஆறு மாத ஆயுளாவது உடையதாக இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்ட பிரயாணியைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பு அவனைக் கொண்டுவந்தவர் தலையிலேயே விழுவதால், அந்நிய தேசத்து அதிகாரியின் விசாரணை நம் கப்பலின் ஏணியடியிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. கடுமையான விதிதான், அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 16

மழை.

நவம்பர் 23, ஞாயிறு

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பம். அவளுடைய பழைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர்களை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் தடுத்ததிலிருந்து, அங்கே போகாதவர்கள்கூட அக்கட்டத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். இன்ஷியலோடு வாழ்ந்து முடித்துவிடலாமென்றிருந்த நம் ஜனங்களுக்கு இது ஒரு நூதனத் தொல்லை. "அறுபத்தேழு வருஷமா இந்தப் பேரு போதுமாயிருந்துச்சே" என்றாள். பிறகு, சற்று நேரங்கழித்து, "அதுல எங்க அப்பா பேரைப் போடலாமாங்க?" என்று கேட்டாள். போடலாம் என்றேன். திரும்பவும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆனேக்கல்லில் அவள் அக்காள் வீட்டுக்குப் போய் வந்தோம். ஜுஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கன்னடப் பலகைகள் தொடங்கும் இடத்தை, தினந்தோறும் தொழிற்சாலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரைப் போலவே, எவரும் எதுவும் கேளாமல் கடந்தோம். "2020-ல இங்கதான் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள். அக்காள் கணவர் காலமான அந்த ஊரடங்கில் இ-பாஸ் கிடைக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருந்த சாவுக்கு அவள் போக முடியவில்லை. இப்போது நாள் தவறாமல் "காகிதமெல்லாம் சரியா இருக்கா?" என்று அவள் கேட்பதை வயோதிகத்தின் நச்சரிப்பென்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 9

ராஜுலாக் கப்பலைப் பற்றி வாசித்தேன். 1926-இல் கட்டப்பட்டது, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் உல்லாசத்துக்காகப் போனவர்கள் அல்லர். வெளிநாடு போவது குடிமகனின் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் 1967-இல்தான் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னரே அவ்வாண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. போகும் உரிமையை நம் நீதிமன்றம் கொடுத்தது. இறங்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 13

கோபமாக இருந்தேன். எழுத இஷ்டமில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

உத்தனப்பள்ளி காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரித்துப் போய்விட்டார்கள். புதிய பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. அதன் எண் இல்லாமல் சிங்கப்பூர் விசாவுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. கப்பல் ஜனவரி 11-ஆம் தேதி புறப்படுகிறது.