நடந்த றோட்டில் ஓட்டம்

பிலிப்பைன்ஸில் மரிவெலெஸிலிருந்து சான் பெர்னாண்டோ வரை 102 கிலோமீற்றர். ஓடத்தான் போகிறோம். விடிய நாலரைக்குப் பண்ணைப் பாலத்தில் பயிற்சி. வெயிலுக்குப் பழக வேணுமெண்டு சனிக்கிழமை மத்தியானத்திலும் ஓடுறம். சப்பாத்து, ஜீவனிப் பக்கற், நெத்தியில் கட்டுற ரோச் எல்லாம் பையில் ஏறிவிட்டன. விசாவுக்கான வங்கிக் கடிதம்தான் இழுபறி.

1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை, சரணடைந்த பிலிப்பைன்ஸ், அமெரிக்கப் படையினரைத் தண்ணி சாப்பாடு சரியாகக் கொடுக்காமல் நடத்திக்கொண்டு போன வழி இது. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்துப்போனார்கள். இப்ப கிலோமீற்றருக்கு ஒரு நினைவுக்கல் நிக்குது.

அதில் பதக்கத்துக்காக ஓடலாமா எண்டு எங்களுக்குள்ள ஒரே சண்டை. 2009இல் நடந்து தப்பின சனத்தின்ர பிள்ளைகள் நாங்கள். நடந்த வழியில் ஒரு கல்லாவது நிக்கிறது எவ்வளவு பெரிய விசயமெண்டு எங்களுக்குத் தெரியும். ஆனபடியால் ஒன்று முடிவெடுத்தோம்: நேரம் போனாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கல்லடியிலும் ஒரு மூச்சு நின்றுதான் போவோம்.