41 மணி நேரமும் 62,000 ரூபாயும்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றுபோனது. என் மடிக்கணினி 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. அதன்பின் மூன்று வாரங்கள் ஆய்வேட்டில் ஒரு பக்கமும் எழுதாமல், புதிய கணினி வாங்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதே குழப்பத்தில் இருக்கும் ஆய்வாளர் நண்பர்கள் சிலரை அறிவேன். அவர்களுக்காக அந்தக் கணக்கையும், அது எங்கே பிழைத்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

என் ஆய்வுப் பொருள் குடுக், அதாவது ஓராவோன் மொழி. நம் 'கண்' அங்கே தொண்டையில் உரசி 'ஃகன்' என ஒலிக்கும். தன்மைப் பன்மையில் நமக்குள்ள நாம், யாம் வேறுபாடு அங்கும் உண்டு. 2018இல் மேற்கு வங்க அரசு அதற்கு அலுவல் மொழித் தகுதி அளித்தது. வட வங்கத்தின் துவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் அதைப் பேசும் முதியவர்களிடம் கதைகளையும் உரையாடல்களையும் பதிவு செய்கிறேன். இதுவரை 41 மணி நேரம்.

நான் பார்த்துவைத்த கணினியின் விலை 62,000 ரூபாய். இளநிலை ஆய்வாளருக்கான யுஜிசி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மானுடவியல் துறையினருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய். தொகை மாதந்தோறும் வந்து சேர்வதில்லை என்பதை இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சியால்தாவிலிருந்து காஞ்சன் கன்யா விரைவு வண்டியில் சென்று, பத்து நாள் தங்கி, கதை சொல்பவர்களுக்கு ஊதியமும் கொடுத்துத் திரும்ப எனக்கு ஏறத்தாழ 9,000 ரூபாய் ஆகிறது. எனவே ஒரு மடிக்கணினி என்பது ஏறக்குறைய ஏழு களப்பயணங்கள். அத்தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் நாட்கூலி 250 ரூபாய். அந்தக் கணக்கில் அது 248 நாள் உழைப்பு. இந்த இரண்டாவது எண்ணை ஏட்டில் எழுதிப் பார்த்துவிட்டு உடனே அடித்துவிட்டேன். ஆனாலும் மறக்க முடியவில்லை.

மறுபக்க வாதமும் எளிதானதன்று. சென்ற குளிர்காலத்தில், தோட்டத்தில் எல்லோரும் ஆஜி என்று அழைக்கும் மூதாட்டிக்கு அவர் சொன்ன கதையையே போட்டுக்காட்ட முயன்றேன். சில சொற்களுக்கு அவரிடம் பொருள் கேட்க வேண்டியிருந்தது. எலான் திறந்ததும் கணினி உறைந்துபோனது. ஏழு நிமிடம் அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, பேத்தி அழைக்கிறாள் என்று எழுந்து போய்விட்டார். என் நேரம் வீணானால் அது என் கவலை. அவர் நேரத்தை வீணாக்க எனக்கு உரிமை இல்லை.

'சுநீதி குமார் சட்டர்ஜி 1926இல் வங்க மொழியின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதியபோது மடிக்கணினியா வைத்திருந்தார்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கச் சுவையான கேள்வி, ஆனால் பொருந்தாது. அவருக்குப் பெரிதும் சான்றாக நின்றவை எழுத்தில் கிடைத்த நூல்கள். என் சான்றோ ஒலி. ஓர் உயிரொலிக்குப் பின் குரல்வளை அடைபடுகிறதா இல்லையா என்பதை அலைவடிவத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முடிவுக்கு வர இயலாமல், பழையதை விற்றால் என்ன கிடைக்கும் என்று அறியச் சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டார். 'கணினி நன்றாகத்தான் இருக்கிறது தீதி. வன்தட்டுதான் சாகக் கிடக்கிறது' என்றார். பிறகு, திருகாணிகளை ஒரு மூடியில் போட்டபடியே, 'இதில் உள்ளதற்கெல்லாம் நகல் இருக்கிறதல்லவா?' என்று கேட்டார்.

முதல் பயணத்தின் 12 மணி நேரம் கூகுள் டிரைவில் இருந்தது. இலவச இடம் அத்துடன் நிறைந்துவிட்டது. பதிவுக்கருவியின் அட்டையை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழித்துவிடுவேன். ஆகவே எஞ்சிய 29 மணி நேரம் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தது. ஆஜி அந்த 29 மணி நேரத்துக்குள் இருந்தார். கடந்த மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்கள் என்ற அளவில் பதிந்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிபி. 29 மணி நேரம் 29 ஜிபி. சில நூறு ரூபாய் பென் டிரைவில் அடங்கிவிடும். மூன்று வாரமாக 62,000 ரூபாயை எடைபோட்டுக்கொண்டிருந்த நான் அந்தச் சில நூறு ரூபாயை எண்ணிப் பார்க்கவில்லை.

இதே நகரில், 1955இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி-2எம் என்ற கணினியைத் தருவித்தது. சில ஆண்டுகளில் சோவியத் நாட்டின் உரால் வந்தது. 1966இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கிய கணினி வந்தது. அவற்றுள் எதுவும் இன்று கணக்கிடுவதில்லை. ஆனால் அக்காலத்துத் தேசிய மாதிரி ஆய்வின் அறிக்கைகளை இன்றும் படிக்கிறார்கள். கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி நூறாண்டுக்கு முன் கிராமபோன் தட்டுகளில் பதிந்த குரல்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் இன்று எவரும் கேட்கலாம். பதிந்த கருவி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. குரல் நகலெடுக்கப்பட்டதால் நம்மிடம் இருக்கிறது.

'எந்தக் கணினி?' என்று நான் கேட்டதே பிழை. 'எது போனால் திரும்ப வராது?' என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அன்று கடை மூடும்வரை அங்கேயே இருந்து கோப்புகளை நகலெடுத்தோம். இரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. அவை ஆஜியுடையவை அல்ல என்று கண்டபோது வந்த நிம்மதியை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன். அவையும் ஒருவர் குரல்தானே. புதிய எஸ்.எஸ்.டி., 8 ஜிபி நினைவகம், கூலி எல்லாமாக 5,500 ரூபாய். வெளிவன்தட்டுகள் இரண்டு, 9,000 ரூபாய். ஒன்று என் அறையில், மற்றொன்று தென்காசியில் அம்மாவின் பீரோவில். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு. 2014இல் ப்ளஸ் டூ படித்தபோது தமிழ்நாடு அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைத் தட்டிப் பழகியது இப்போது கைகொடுத்தது. எலான், பிராட் இரண்டும் விலையில்லாதவை. இரண்டும் தடையின்றி ஓடுகின்றன.

இதைச் சிக்கனத்தின் பெருமையாகப் படிக்க வேண்டாம். பேச்சறி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நண்பருக்கு இந்த ஐ3 ஒரு நாளும் போதாது. அவர் வாங்கத்தான் வேண்டும். எனக்கும் இரண்டாண்டில் தேவைப்படலாம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தரவுகளின் இரண்டாவது நகல் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால், கணினியின் விலையை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் மீண்டும் துவார்ஸ் செல்கிறேன். ஆஜியின் பேத்திக்கு ஒரு பென் டிரைவ் கொண்டுபோகிறேன். மூன்றாவது நகல் அவளிடம் இருக்கட்டும்.