காற்றுக்கு இரண்டு வாசல்

சித்திரை மாதத்திலும் மைசூர் வெயில் சென்னை வெயிலைப் போல வாட்டாது என்பார்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. சாமுண்டி மலைப் பக்கமிருந்து காற்றும் வரும். ஆனால், மண்டகள்ளி விமான நிலையத்தின் தார்த்தளத்தில் நிறுத்திய ஒரு சிறு விமானத்துக்குள் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் இந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. தலைக்கு மேல் குமிழ் போல அக்ரிலிக் மூடி. வெயில் அதன் வழியே உள்ளே வந்துவிடுகிறது. சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் கதைதான். காரிலாவது ஏசி உண்டு.

மேலே போனால் சரியாகிவிடும் என்பது விமானிகள் சொல்லும் ஆறுதல். ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி குறையும் என்பது உண்மைதான். ஆனால், புறப்படும் நேரத்தில்தான் விமானியின் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். வியர்வை கண்ணில் வழிய, எரிபொருள் வால்வைச் சரிபார்த்தோமா இல்லையா என்று குழம்புவதும் அப்போதுதான்.

மண்டகள்ளி ஓடுதளத்தை 1940-ல் அமைத்தது மைசூர் சமஸ்தானம். அதே ஆண்டு டிசம்பரில், தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்துடன் சேர்ந்து பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தோன்றவும் அது துணை நின்றது. பெங்களூர் விமான நகரமானது அப்படித்தான். அங்குள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 1980-களில் ஒரு விநோதமான வேலையில் இறங்கியது. அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் வீட்டு ஷெட்டில் கட்டிப் பறப்பதற்காக பர்ட் ருட்டான் வடிவமைத்த 'லாங் ஈஸி' விமானத்தை விஞ்ஞானிகள் கட்டிப் பார்த்தார்கள். 1987-ல் அது பறந்தது. அந்த அனுபவம் பின்னால் ஹன்ஸா பயிற்சி விமானத்துக்குக் கைகொடுத்தது. 2021-ல் ஹன்ஸாவின் புதிய வடிவமும் பறந்தது.

நுரைப் பலகை, கண்ணாடி இழை, எபாக்ஸி பிசின் இவைதான் லாங் ஈஸியின் உடம்பு. வெயிலில் பிசின் இளகிவிடக் கூடாது என்பதற்காக அதற்கு வெள்ளை பெயின்ட்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. பிசினுக்குக் காட்டும் இந்த அக்கறையை உள்ளே உட்காரும் மனிதனுக்கும் காட்ட வேண்டாமா? இந்த விமானத்தில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. மூக்கில் புரொபெல்லர் சுற்றும் விமானங்களில், தரையில் நிற்கும்போதே கொஞ்சம் காற்று பின்னோக்கி அடிக்கும். இதில் அதுவும் இல்லை. மூடியைத் திறந்து வைத்தபடி தரையில் ஓட்டலாம்; ஆனால், தாழிட மறந்து கிளம்பினால் உயிருக்கே ஆபத்து.

சரி, காற்று வர ஒரு துளை போட்டால் போதாதா? சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் பலரும் முதலில் நினைப்பது அதைத்தான். மூக்கில் ஒரு துளை போடுகிறார்கள். உள்ளே லேசாகத்தான் வருகிறது. துளையைப் பெரிதாக்குகிறார்கள். சத்தம் கூடுகிறது, காற்று கூடுவதில்லை. காரணம் எளிது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வைக்கவில்லை. அறை நிரம்பி, உள்ளே உள்ள அழுத்தம் துளைக்கு வெளியே உள்ள அழுத்தத்துக்குச் சமமானதும் வரத்து நின்றுவிடும். தொட்டிக்கட்டு வீடு கட்டிய பழைய கொத்தனாருக்கு இது தெரியும். ஜன்னல் வழியே வரும் காற்று போவதற்கென்று நடுவில் முற்றத்தைத் திறந்து வைத்தார்.

விமானத்தில் அந்த முற்றத்தை எங்கே திறப்பது? வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக உள்ள இடத்தில். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வளைந்த பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் போதும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதும் காற்று, தண்ணீரைச் சுமார் 12 சென்டிமீட்டர் உயர்த்தும். எந்த இடத்தில் தண்ணீர் எதிர்ப்பக்கம் இறங்குகிறதோ, அங்கே காற்று உறிஞ்சப்படுகிறது என்று அர்த்தம். வெளியேறும் திறப்பு, வரும் திறப்பைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது.

ஆனால், இங்கேதான் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. வெளியேறும் வழி பெரிதானால் அறையின் அழுத்தம் குறையும். குறைந்தால், கிடைக்கிற சந்திலெல்லாம் அது காற்றை இழுக்கும். எஞ்சின் முன்னால் இருக்கும் விமானத்தில், எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டில் கம்பிகள் நுழையும் ஓட்டைகள் அடைபடாமல் இருந்தால் புகையும் சேர்ந்து வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த ஒற்றை எஞ்சின் விமானத்தில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்தார். அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடு பிடியில் இருந்தது. விமானியையும் அது பாதித்திருக்கக்கூடும் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. அது தொழிற்சாலையில் தயாரான விமானம்.

வீட்டில் கட்டும் விமானத்தில் கட்டியவர், ஓட்டுபவர், அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் எல்லாம் ஒருவரே. ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் தடுப்புத் தகட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். பிறகு காற்று வெளியேறும் வழி. கடைசியில்தான் காற்று வரும் துளை. கூடவே, நச்சுக் காற்றைக் கண்டால் கத்தும் ஒரு சிறு கருவி. வியர்வைக்காகத் தொடங்கும் வேலைதான். ஆனால், புழுக்கம் தாங்காமல் முதலில் துளை போடுகிறவர், தன் மூச்சை எதனுடன் கலக்கிறோம் என்று பார்ப்பதில்லை.