கறையானுக்கு யார் சொந்தம்?

மாத்தளையில் ஐப்பசி வந்தால் பகலெல்லாம் புழுங்கும். பின்னேரம் இடி இடித்துக் கொட்டும். மழை விட்டதும் வாசல் பல்பைச் சுற்றி ஈசல் மொய்க்கும். அதோடு இறகு முளைத்த எறும்புகளும் வந்து விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்: "மாமா, ரெண்டும் ஒரே சாதிதானே?"

இரண்டையும் பிடித்து வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தோம். ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம். எறும்புக்கு முன்னிறகு பெரிது, பின்னிறகு சிறிது. எறும்பின் இடுப்பு ஒடுங்கிக் கிடக்கிறது. ஈசலுக்கு இடுப்பென்று சொல்ல எதுவுமில்லை. எறும்பின் உணர்கொம்பு நடுவில் மடங்கியது. ஈசலுடையது கோத்த மணிச்சரம்.

எறும்புக்குச் சொந்தம் குளவியும் தேனீயும். ஈசல் என்பது இறகு முளைத்த கறையான்தான். கறையானுக்குச் சொந்தம் கரப்பான். பிள்ளை முகத்தைச் சுளித்தாள், ஆனால் உண்மை அதுதான். 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கறையான் தனி வரிசையல்ல, கரப்பான் குடும்பத்துக்குள்ளேயே அடங்கும் என்று நிறுவினார்கள். அதற்கு மிக நெருங்கிய உறவு, உளுத்த மரத்துக்குள் பிள்ளை குட்டிகளோடு வாழும் ஒரு காட்டுக் கரப்பான். குடலில் உள்ள நுண்ணுயிர்களின் தயவில் மரத்தைச் செரிப்பதில் இரண்டுக்கும் ஒரே வழி.

குடும்ப வாழ்க்கையிலும் எறும்பும் கறையானும் வேறு வேறு. எறும்புப் புற்றில் வேலை செய்வதெல்லாம் பெண்கள். ஆண் கூடியபின் செத்துப்போகும். கறையானில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைக்கின்றன. எறும்புக் குஞ்சு கால் இல்லாத புழு, ஊட்டித்தான் வளர்க்க வேண்டும். கறையான் குஞ்சு பொரிக்கும்போதே ஆறு காலோடு பெரியவற்றின் சாயலில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ராஜாவாகும் ஆண் கறையானின் கதை. இறகு உதிர்ந்ததும் பெண் முன்னே ஓட, ஆண் அதன் வாலை ஒட்டியே ஓடும். எங்கள் திண்ணைச் சீமெந்தில் அப்படி ஓடும் சோடிகளை மணிக்கணக்காய்ப் பார்த்திருக்கிறேன். பல்லிக்கும் தவளைக்கும் தப்பி மண்ணுக்குள் போய்விட்டால், இரண்டும் ஒரே அறையில் வருடக்கணக்காய்ச் சேர்ந்து வாழும்.

அளுவிகாரையில் ஓலைச்சுவடி எழுதிய மாவட்டம் இது. ஓலையை அரிக்கும் கறையானை இங்கே யாரும் பாசமாய்ப் பேசமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய காயம் உளுத்தால், அதன் வழியே உயிர்ச்செடிக்குள் குடியேறும் இனமும் உண்டு. ஆனாலும் தம்புள்ளைப் பக்கத்துப் புற்றுகளைப் பார்க்கும்போது மரியாதைதான் வருகிறது. உள்ளே மென்று விழுங்கிக் கழித்த மரத்தூளைப் பாத்தியாக்கி, காளான் பயிரிட்டுத் தின்கின்றன. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல். அமெரிக்கக் கண்டத்தில் சில எறும்புகளும் இதே விவசாயம் செய்கின்றன. உறவுமில்லை, ஒன்றிடமிருந்து ஒன்று கற்கவுமில்லை. கூட்டமாய் மண்ணுக்குள் வாழப் பழகிய இரண்டு குலங்கள் ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இலங்கையில் ஒரு கறுப்புக் கறையான் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் 1779இலேயே அதற்குப் பெயரிட்டு எழுதினார். மற்றக் கறையான்கள் பெரும்பாலும் மண்கூரைக்குள் ஒளிந்து நடக்க, இது திறந்தவெளியில் எறும்பு மாதிரியே வரிசை கட்டிப் போய், மரப்பட்டையில் படர்ந்த பாசிப்பூஞ்சையைச் சுரண்டி உருட்டி வாயில் தூக்கி வரும். இருபுறமும் கூர்மூக்குச் சிப்பாய்கள் காவல் நிற்கும். எறும்பு நெருங்கினால் அந்த மூக்கிலிருந்து பசை பீச்சும்.