கோடிட்ட இடம்

'சோழப் பேரரசு முடிவுக்கு வந்த ஆண்டு ______.'

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி கற்கண்டு. 1279 என்று நிரப்பினால் ஒரு மதிப்பெண். சாயங்காலம் வெம்பக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். பல வருஷம் நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ஒருவன் கேட்டான்: "அப்ப அந்த வருஷம் ஜெயிச்சது யாரு சார்?"

"மாறவர்மன் குலசேகர பாண்டியன். மதுரை ராஜா."

"நம்மாளு!" என்று திண்ணையே கைதட்டியது. தட்டாதா பின்னே? வைப்பாற்றங்கரை பாண்டிய நாடல்லவா!

கைதட்டல் அடங்கியதும் சொன்னேன். விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்து நானூறு வருஷம் ஓடிய ராஜ்யம் ஒரே நாளில் விழுந்துவிடாது. அதற்கு முன்பே, சடையவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில், சோழர்கள் கப்பம் கட்டுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். கடைசி அரசன் மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றிய கல்வெட்டுகள் 1279ஓடு நின்றுபோகின்றன. வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயர் திடீரென்று இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. அந்த மௌனத்தைத்தான் நாம் ஆண்டாக மனப்பாடம் செய்கிறோம்.

ஜெயித்த வீடும் நெடுநாள் நிம்மதியாக இருக்கவில்லை. குலசேகரனின் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பட்டத்துக்காக மோதிக்கொண்டார்கள். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கே வந்துவிட்டது. இதற்கு யாரும் கைதட்டவில்லை.

பிறகு பிள்ளைகளைச் சீனாவுக்குக் கூட்டிப்போனேன். அதே 1279, மார்ச் மாதம். யாமென் என்ற இடத்தில் கடற்போர். குப்லாய் கானின் மங்கோலியப் படை சொங் அரசின் கப்பல்களை வளைத்துக்கொண்டது. சொங் பேரரசனுக்கு ஏழு வயது. "உங்க எல்லாரையும் விடச் சின்னவன்," என்றேன். தப்ப வழியில்லை என்று கண்ட அமைச்சர் அவனை முதுகில் சுமந்துகொண்டு கடலில் குதித்தார். முந்நூறு வருஷ அரசு அன்றோடு முடிந்தது. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் போய்ச் சேர்ந்தது இந்தச் சொங் அரசவைக்குத்தான். பழகிய இரண்டு வீடுகளிலும் ஒரே வருஷத்தில் விளக்கு அணைந்தது.

பட்டாசு செய்யும் வெம்பக்கோட்டைக்கு இன்னொரு வழியிலும் சொங் சீனா சொந்தம். வெடியுப்பு, கந்தகம், கரி சேர்த்து வெடிமருந்து செய்யும் முறை முதன்முதலில் எழுத்தில் கிடைப்பது அவர்களுடைய போர்க்கலை நூல் ஒன்றில்தான். அது தொகுக்கப்பட்ட ஆண்டு 1044. கங்கைகொண்ட ராஜேந்திரன் மறைந்ததும் அதே ஆண்டு.

"மருந்து வச்சிருந்துமா சார் தோத்தாங்க?"

"எதிராளியும் கத்துக்கிட்டான்ல." 1281இல் ஜப்பான்மீது படையெடுத்துப்போன மங்கோலியக் கப்பல்கள் மூழ்கிய இடத்தில், மருந்து அடைத்த குண்டுகளைக் கடலடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்றேன்.

அதுவரை வாய் திறக்காத ஒருத்தி கேட்டாள். அவள் அம்மா பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்க்கிறவர். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வரும்போது நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும்.

"அந்த மருந்தக் கலந்தது யாரு சார்?"

சட்டென்று பதில் வரவில்லை. நூலைத் தொகுத்த அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் குப்லாய் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த சம்பந்தப் பெருமாளின் பெயர்கூடத் தமிழ்க் கல்வெட்டில் நிற்கிறது. மருந்து கலந்தவர்கள் பெயரை எங்கே போய்த் தேடுவது? நம் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தோண்டியதில் சங்கு வளையல்கள் கிடைத்தன. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். அந்தச் சங்கை அறுத்த கை யாருடையது? அதுவும் தெரியாது.

"பேரு எழுதி வைக்கலம்மா," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆளுக்கு ஐந்து கேள்வி நீங்களே எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் நோட்டில் ஐந்தாவது கேள்வி: '1279இல் மருந்து கலந்தவர் ______.' மற்ற நான்கிலும் விரற்கடை அளவுக் கோடு. இதில் மட்டும் கோடு பக்கத்தின் ஓரம்வரை போய், அடுத்த வரியிலும் ஓடியது.

"ஒரு பேருக்கு எதுக்கு தாயி இம்புட்டு நீளம்?"

"நிறையப் பேரு இருந்திருப்பாங்கல்ல சார்," என்றாள்.