வானம் தோண்டுதல்

அடித்தளத்திற்காக வெட்டப்படும் குழிக்கு நம் கொத்தர்கள் 'வானம்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். தரைக்குக் கீழே செல்வதற்கு வானத்தின் பெயர்! அரபு மொழியில் அடித்தளம் 'அஸாஸ்' எனப்படும். பேரறிஞர் ஸமக்ஷரீ தம் அகராதிக்கு 'அஸாஸுல் பலாகா' என்று பெயரிட்டார். 'சொல்வன்மையின் அடித்தளம்' என்பது பொருள். இவ்விரு சொற்களையும் பல்லாண்டுகளாக மாணவர்க்கு விளக்கி வரும் எனக்கு, அவற்றின் பொருளைக் கண்ணாரக் காட்டியவர் ஸ்ரீரங்கத்துத் தச்சர் ஒருவர்.

எனக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை அங்கு வாழ்கிறார். அகவை 86. கால்கள் தளர்ந்தமையால் சக்கர நாற்காலியே துணை. மாலை வேளையில் வீட்டின் பின்புறப் புல்வெளியில் அமர்ந்து இராஜகோபுரத்தைக் காண வேண்டும் என்பது அவர் ஆவல். ஈரப் புல்லிலோ சக்கரம் புதைந்தது. வெளிநாட்டிலிருந்து 12 நாள் விடுப்பில் வந்த மகன், புல்லின்மேல் மரப்பலகை மேடை அமைக்க முனைந்தார்.

தச்சர் இசையவில்லை. "மேடைக்கு மூன்று நாள் போதும் தம்பி, மண்ணுக்குத்தான் பத்து நாள் வேண்டும்" என்றார்.

"அப்பா அதில் உட்காருவதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா?" என்றார் மகன். எங்களில் எவராலும் விடை கூற இயலவில்லை.

தச்சர் மண்வெட்டியால் ஓரிடத்தைக் கிளறினார். நூல் போன்ற வேர்களில் கோத்த மணிகளாகக் கோரைக் கிழங்குகள் தோன்றின. மூடினால் புல் மடியும். கோரையோ பலகை இடுக்கில் தலை நீட்டும். மடிந்த புல் அழுகி ஈரத்தைத் தேக்கும். மண் ஆங்காங்கே அமிழ, மேடை கோணும். "மண் கேட்கும் நாளைக் கொடுத்துவிடு" என்றார் ஆசிரியர்.

நான்கு அங்குல ஆழத்திற்குப் புல்லை வேரோடு வெட்டியெடுத்தனர். கிழங்குகளைக் கையால் பொறுக்கினர். அவ்வேலையை மகனே முன்னின்று செய்தார். வண்டல் மண்ணை நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து, வீட்டைவிட்டு நீர் விலகியோடச் சரிவு கொடுத்தனர். நீரை மட்டும் கீழிறங்க விடும் துணியைப் பரப்பி, ஜல்லி நிரப்பினர். மரம் மண்ணைத் தொடாதபடி, மட்டம் பார்த்துக் கருங்கற்களை நட்டனர். கறையான் கல்மேல் ஏறினால் அதன் மண்பாதை கண்ணிற்படும், துடைத்துவிடலாம். மரம் மண்ணோடு ஒட்டியிருந்தால், அது தின்று தீர்த்த பின்னரே நமக்குத் தெரியும்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத்தீவுக்கு இது புதிய பாடமன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கிய ஆர்தர் காட்டன், ஆழங்காண இயலா மணலில் அடித்தளமிடும் கலையை நம் முன்னோரிடமே கற்றதாக எழுதினார். கல்லணை அவர் கண்ட பாடநூல். ஸ்ரீரங்கத்தின் தெற்குக் கோபுரமும் ஏறத்தாழ 400 ஆண்டுகள் அடிநிலையோடு நின்று, 1987இல்தான் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து நிறைவுற்றது.

பலகை பொருத்தப்படுவதற்கு முன்பே மகன் விமானம் ஏற நேர்ந்தது. மறுவாரம் ஆசிரியர் மேடைமீது அமர்ந்தார். வருவோரெல்லாம் தேக்கின் வழவழப்பைப் புகழ்கின்றனர். அவரோ, "இதெல்லாம் தச்சர் செய்தது, கீழே இருப்பது என் பிள்ளை செய்தது" என்கிறார். பிள்ளைகளுக்கு முதலெழுத்துக் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இச்சொல்லை நெஞ்சில் இருத்துவார்களாக.