பாங்கொக்கில் இரண்டு நாட்கள்

தூர தேசஞ் செல்வோர் இடைவழியில் தங்கும் ஊரைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. நீராடி, உண்டு, உறங்கி, அடுத்த வண்டியைப் பிடித்தற்குரிய சத்திரமென்றே அதனை எண்ணுவர். ஆயின், தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கை அவ்வாறு கடந்து செல்லுதல் எளிதன்று.

நாம் நால்வர், ஒரே பாடசாலையில் ஒரே வாங்கிலிருந்து கற்றவர்கள். இருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் கொழும்பிலும் வாழ்கின்றனர். நான்காமவர் கனடாவிற் குடியேறிப் பல்லாண்டுகளாயின. லாவோஸ் நாட்டின் பழைய அரச நகராகிய லுவாங் பிரபாங்கைக் காணப் புறப்பட்ட நாம், வழியில் ஒன்றுகூடுதற்குப் பாங்கொக்கைத் தெரிந்துகொண்டோம். முதுகிற் சுமந்த பையொன்றே ஒவ்வொருவர்க்கும் உடைமை. செலவுக்கு இருந்ததும் அளவான பணமே.

சிக்கனமாகப் பிரயாணஞ் செய்வோர் பெரும்பாலும் காவ் சான் வீதியையே நாடுவர். 'காவ் சான்' என்பதற்குத் தீட்டிய அரிசி என்பது பொருள். ஒருகாலத்தில் அரிசி வாணிகம் நடந்த அத்தெருவில், 1980களிலிருந்து மலிவான விடுதிகள் பெருகின. பகலில் அடங்கிக் கிடக்கும் வீதி, மாலை மயங்கியதும் விழித்துக்கொள்கின்றது. பாட்டும் கூத்தும் காதைத் துளைக்கும். பொரித்த தேளையும் வெட்டுக்கிளியையும் தட்டில் ஏந்தி விற்போர் எதிர்ப்படுவர். நித்திரையை விரும்புவோர் அயலிலுள்ள ஒழுங்கைகளிலே தங்குதல் நன்று. மரக்கறி உணவினர்க்கும் குறையில்லை. மஞ்சட் கொடியிற் செந்நிற எழுத்துப் பொறித்த கடைகளில் ஊன் கலவாத உணவு கிடைக்கும். தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோற்றை மாம்பழத்துடன் உண்டபோது எங்கள் வீட்டுப் பொங்கலே நினைவுக்கு வந்தது.

முதல் நாட் காலையிற் சாவோ பிரயா நதியிற் படகேறினோம். அலுவலகஞ் செல்வோர், பாடசாலைச் சிறார், காவியுடுத்த பிக்குகள் யாவரும் அப்படகில் நெருங்கி நின்றனர். அக்கரையில் வாட் அருண் விகாரையின் கோபுரம், சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த மேனியோடு வெயிலில் ஒளிர்ந்தது. இக்கரையில் வாட் போ விகாரையிலே, 46 மீற்றர் நீளமுடைய புத்தபிரான் பொன் மயமாகப் பள்ளிகொண்டிருக்கின்றார். அவர்தம் திருவடிகளில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன.

முந்தைய தலைநகராகிய அயுத்தியா 1767இற் பர்மியப் படையினரால் அழிவுற்றது. பின்னர் 1782இல் முதலாம் இராமர் என்னும் மன்னர் நிறுவிய நகரே பாங்கொக். அயுத்தியா சிறந்திருந்த காலத்தில், 1753இல், உபாலி தேரர் அங்கிருந்து கண்டிக்கு வந்து, ஈழத்தில் அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை மீண்டும் நிலைநாட்டினார். அவரை வரவழைத்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நாயக்கர் வழிவந்த மன்னன் என்பதும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாம் நாள் நாம் கண்ட காட்சியே மறக்கற்பாலதன்று. வாட் சுதட் விகாரையின் முன்னர்ச் செந்நிறத் தேக்குத் தூண்களாலாகிய பேரூஞ்சலொன்று நிற்கின்றது. 1784இல் முதன்முதல் எழுந்த அவ்வூஞ்சல், 2007இற் புதிய மரங்களாற் புதுப்பிக்கப்பட்டது. முன்னாளில் விழாக் காலத்தில் இளைஞர் அதில் ஏறி வானளாவ ஆடுவர். 1935ஆம் ஆண்டோடு அவ்வாட்டம் நின்றது. அணித்தே சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்கும் சந்நிதிகள் கொண்ட தேவஸ்தானம் உளது. தென்னிந்தியாவிலிருந்து வந்த மரபினரென்று சொல்லப்படும் அந்தணர், அங்கே ஆண்டுதோறும் ஒரு விழாவை நடத்துகின்றனர். அதன் பெயர் 'திரியம்பாவை', நமது திருவெம்பாவையே! மணிவாசகர் திருவாக்கு, பல நூற்றாண்டுகளாகப் பொருள் மறந்தும் உச்சரிப்புத் திரிந்தும் அந்நாட்டிலே ஓதப்பட்டு வருகின்றது.

இதனைக் கேட்டதும் கனடா நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன்? என் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது. அவர்களை வற்புறுத்தித் தேவாரம் சொல்லவைப்பது வீண் என்று விட்டுவிட்டேன்," என்றார்.

கொழும்பு நண்பர் மறுத்துரைத்தார்: "பொருளை எப்போதும் படித்துக்கொள்ளலாம், மச்சான். ஓசை அற்றுப்போனால் எதைக்கொண்டு படிப்பது? இவர்கள் ஓசையையாவது காத்திருக்கிறார்கள்."

யார் கூற்றுச் சரியென்று அன்று முடிவாகவில்லை. மாலையிற் சீலோம் வீதியிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பிய ஆலயம் அது. இன்று தாய்லாந்து மக்களும் மாலையுந் தேங்காயும் ஏந்தித் திரளாக வழிபடுகின்றனர். அவர்கள் அதனை 'வாட் கேக்' என்பர். இந்தியரைக் குறிக்கும் 'கேக்' என்னும் அச்சொல்லுக்கு விருந்தினர் என்பதே நேர்ப்பொருள். விருந்தினராய் வந்தோர் தம் தெய்வத்தைக் கைவிடாமையால், வீட்டுக்காரரும் அத்தெய்வத்தை வணங்கத் தலைப்பட்டனர் போலும்.

அன்றிரவே லாவோஸ் செல்லும் புகையிரதத்தில் ஏறினோம். வண்டி நகரத்து விளக்குகளைக் கடந்து ஓடுகையில், கனடா நண்பர் தொலைபேசியைக் கையிலெடுத்தார். மார்கழி விடியலிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஊர் வீதிகளிற் பாடித் திரிந்த திருவெம்பாவையைத் தம் பிள்ளைகளுக்கு அனுப்புதற்காக மெல்லப் பாடிப் பதிவு செய்யலானார். நான்காம் பாட்டில் அவர் தடுமாறியபோது, மற்றைய மூவரும் அடியெடுத்துக் கொடுத்தோம்.